மழை பெய்தால் அடுப்பு, வெயில் அடித்தால் பஸ்: உப்பளக்காரிகளின் ஓய்வு மாதங்களுக்கு ஒரு வழி

தூத்துக்குடி உப்பளத்தில் எங்களுக்கு வேலை தை, மாசியில் தொடங்கிப் புரட்டாசி வரை ஓடும். ஐப்பசி மழை இறங்கியதும் பாத்திகளில் நன்னீர் ஏறிவிடும். வாரிக் குவித்த அம்பாரத்தைத் தார்ப்பாயோ பனையோலையோ போட்டு மூடிவிட்டு எங்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதிலிருந்து பொங்கல் வரை அவ்வப்போது மூட்டை கட்டுகிற வேலை வரும், ஒட்டப்பிடாரம் பக்கம் உளுந்துக்கும் மக்காச்சோளத்துக்கும் களை எடுக்கக் கூப்பிடுவார்கள். மற்ற நாளெல்லாம் சும்மாதான்.

இந்தச் சும்மா இருக்கிற நாட்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். வேலை இல்லாத வீட்டில் இரண்டு விஷயம் சீக்கிரம் நுழையும். ஒன்று டிவி, இன்னொன்று முன்பணம். மழைக்காலத்தில் வாங்குகிற முன்பணம் அடுத்த சீசன் கூலியில் வாராவாரம் கழியும், ஆனி மாதம் வரை நம்மை நிமிர விடாது. கையில் பிடித்த வேலையும் கால் வைக்க ஓர் இடமும் இருந்தால் மனசு அந்தப் பக்கம் போகாது. எனக்குப் பிடித்த வேலை பேக்கிங், அதாவது கேக்கும் பன்னும் பிஸ்கட்டும் சுடுவது. கால் போகிற இடத்துக்கு நம் மாவட்டமே போதும்.

முதலில் பணத்தைச் சொல்லிவிடுகிறேன். மாசியிலிருந்தே வாரக் கூலியில் 100 ரூபாயைத் தனி டப்பாவில் போடுங்கள். மழை வருவதற்குள் மைதா, முட்டை, பஸ் டிக்கெட்டுக்குத் தேவையானது சேர்ந்துவிடும். 2022 முதல் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அரசு தருகிற 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் அரிசிக்கும் பள்ளிக்கூடச் செலவுக்கும் போகட்டும். அதில் கை வைக்க வேண்டாம். இந்த டப்பா தனி.

அடுத்தது, எந்த நாளில் எதைச் செய்வது. காலையில் வாசல் தெளிக்கும்போது வானத்தைப் பாருங்கள். மூடம் போட்டிருந்தால் அடுப்பு, வெளுத்திருந்தால் பஸ். ஒரே நாளில் இரண்டையும் திணிக்காதீர்கள். கேக் வெந்துகொண்டிருக்கும்போது பஸ்ஸுக்கு மணி பார்த்தால் இரண்டிலும் மனசு ஒட்டாது.

அடுக்களையில்

ஓவன் வாங்கினால்தான் பேக்கிங் என்று நினைத்து நிறையப் பேர் தொடங்குவதே இல்லை. ஐந்து லிட்டர் பழைய குக்கர் ஒன்று போதும். அதற்கு வேண்டிய இன்னொரு பொருளை நாமே வாருகிறோம்: கல் உப்பு.

குக்கரின் அடியில் ஒன்றரைக் கப் கல் உப்பைப் பரப்பி, அதன்மேல் பாத்திரம் உட்கார ஒரு இரும்புப் பிரிமனை வையுங்கள். மூடியில் ரப்பர் வளையம் இருக்கக் கூடாது, வெயிட்டும் போடக் கூடாது. தண்ணீர் ஒரு சொட்டும் வேண்டாம். மூடி வைத்து மிதமான தீயில் 10 நிமிடம் சூடாக்கினால் ஓவன் தயார். உப்பு சூட்டை வாங்கிப் பரவலாகத் திருப்பிக் கொடுக்கும், கேக்கின் அடி தீயாது. உப்பு உருகிவிடுமோ என்று மதினி ஒருமுறை பயந்தாள். உப்பு உருக 801 டிகிரி சூடு வேண்டும், நம் அடுப்பில் அது நடக்காது. ஆனால் உப்பு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈர உப்பைச் சூடாக்கினால் படபடவென்று வெடித்துத் தெறிக்கும். புது உப்பைக் கொண்டுவந்தால் முதலில் இரும்புச் சட்டியில் மூடி போட்டு வறுத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை பேக்கிங்குக்கு வைத்த உப்பை ஆறவைத்து டப்பாவில் போட்டு மறுபடி மறுபடி அதற்கே பயன்படுத்தலாம். குழம்பில் போடாதீர்கள். தினம் சோறு வடிக்கிற நல்ல குக்கரையும் இதற்கு எடுக்காதீர்கள், தண்ணீர் இல்லாத சூட்டில் அது கெட்டுவிடும்.

முதலில் கருப்பட்டி கேக்கைச் செய்து பாருங்கள். 150 கிராம் கருப்பட்டியைத் தட்டி, 75 மில்லி தண்ணீரில் காய்ச்சிக் கரைத்து, துணியில் வடிகட்டுங்கள். எவ்வளவு நல்ல கருப்பட்டியிலும் தூசியும் மணலும் கொஞ்சம் இருக்கும், அதனால் வடிகட்டாமல் விடாதீர்கள். பாகு முழுக்க ஆறியபின் இரண்டு முட்டை, 75 மில்லி எண்ணெய், இரண்டு மேசைக்கரண்டி தயிர் சேர்த்து அடியுங்கள். சூடாக இருக்கும்போது முட்டையை ஊற்றினால் அது பொரியலாகிவிடும். 180 கிராம் கோதுமை மாவு, ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், கால் தேக்கரண்டி சோடா உப்பு, அரைத் தேக்கரண்டி சுக்குப் பொடி, கொஞ்சம் ஏலம், ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றைச் சேர்த்துச் சலித்து, பாகில் கலந்துவிடுங்கள். மாவு தெரியாமல் கலந்ததும் நிறுத்திவிடுங்கள். தோசை மாவு கரைக்கிற கை நமக்கெல்லாம், அடித்துக்கொண்டே இருக்கத் தோன்றும். கோதுமை மாவை அப்படி அடித்தால் கேக் ரப்பராகிவிடும்.

எண்ணெய் தடவிய ஏனத்தில் பாதிக்குச் சற்று மேல் ஊற்றுங்கள். ஏனத்துக்கும் குக்கர் சுவருக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி இருக்கட்டும். தீயைக் குறைத்து 40 நிமிடம். அதற்கு முன்னால் மூடியைத் திறந்து திறந்து பார்த்தால் நடு அமுங்கிவிடும். ஈர்க்குச்சியைக் குத்தி எடுத்தால் ஒட்டாமல் வர வேண்டும், ஒட்டினால் இன்னும் ஐந்து, பத்து நிமிடம். இந்த கேக் அன்றைக்கு இருப்பதைவிட மறுநாள் நன்றாக இருக்கும், கருப்பட்டி வாசம் உள்ளே இறங்கியிருக்கும்.

அப்புறம் பன். இதை நான் உப்பளத்துப் பெண்களுக்கென்றே சொல்லுவேன். சீசனில் விடியுமுன் வேலைக்குப் போய்ப் பழகிய உடம்பு மழைக்காலத்திலும் 3 மணிக்கு விழித்துக்கொள்ளும். இருட்டில் படுத்துப் புரண்டால் கவலைதான் வரும். எழுந்து மாவு பிசையுங்கள். மைதா 250 கிராம், ஈஸ்ட் ஒரு தேக்கரண்டி, சீனி இரண்டு மேசைக்கரண்டி, பொடி உப்பு முக்கால் தேக்கரண்டி. எல்லாவற்றையும் கலந்து, வெதுவெதுப்பான பால் 150 மில்லி ஊற்றிப் பிசைந்து, கடைசியில் 25 கிராம் வெண்ணெய். விரலை வைத்தால் சுடாத பால்தான் வேண்டும், கொதிக்கிற பால் ஈஸ்டைக் கொன்றுவிடும். பத்து நிமிடம் நல்ல அழுத்தம் கொடுத்துப் பிசையுங்கள். உப்பு வாரிய கைக்கு இது ஒரு பாரமே இல்லை, மாவு தானாக வழிக்கு வரும்.

மழைக்காலக் குளிரில் மாவு பொங்க ஒன்றரை மணி நேரம் ஆகும். அதைவிடச் சீக்கிரம் வேண்டுமென்றால் பெரிய பானையில் வெந்நீர்ச் செம்பு ஒன்றை வைத்து, பக்கத்தில் மாவையும் வைத்து மூடுங்கள். 5 மணிவாக்கில் ஆறு உருண்டையாக்கி ஏனத்தில் நெருக்கி அடுக்கினால், இன்னொரு முக்கால் மணி நேரத்தில் மறுபடி உப்பும். குக்கரில் 25 நிமிடம் வெந்தால் போதும். மேல்பக்கம் வெளுப்பாக இருக்கும். குக்கருக்கு மேலிருந்து சூடு கிடையாது, அதனால் அப்படித்தான் இருக்கும். தோசைக்கல்லில் நெய் தடவி, பன்னைக் கவிழ்த்து இரண்டு நிமிடம் வையுங்கள், செவந்துவிடும். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புமுன் சூடாகக் கையில் இருக்கும். சீசன் முழுக்க அவர்கள் எழும்போது நாம் வீட்டில் இருப்பதில்லை. இந்த மூன்று மாதமாவது காலையில் அம்மா கையால் சாப்பிடட்டும்.

தூத்துக்குடியில் இருந்துகொண்டு மக்ரூனைப் பேசாமல் போக முடியாது. முட்டை வெள்ளை, சீனி, முந்திரி, இந்த மூன்றுதான். மற்ற ஊர்களில் பாதாம் போடுகிற இடத்தில் நம் ஊரில் முந்திரி. போர்ச்சுக்கீசியர் வழியாக வந்த பண்டம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இதை மட்டும் மழை நாளில் தொடாதீர்கள். மழைக் காற்றில் உப்பு கசிவது போல, அடித்த வெள்ளையில் இருக்கிற சீனியும் காற்றின் ஈரத்தை இழுத்துக் கசிந்துவிடும். குக்கரும் ஆகாது, உள்ளே ஆவி தங்கும். வானம் வெளுத்து வாடைக் காற்று காய்ந்து அடிக்கிற மார்கழி நாளில், ஓடிஜி என்கிற கரண்ட் ஓவன் இருக்கிற வீட்டில் செய்ய வேண்டும். எங்கள் தெருவில் ஒரு அக்கா வீட்டில் இருக்கிறது, முந்திரி நான் கொண்டுபோவேன், கரண்ட் அவர் செலவு, பலகாரம் ஆளுக்குப் பாதி.

இரண்டு முட்டை வெள்ளைக்கு 100 கிராம் பொடித்த சீனி, 100 கிராம் முந்திரித் தூள். மஞ்சள் கரு ஒரு துளி விழுந்தாலும், பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் வெள்ளை நுரைக்காது. நுரை கெட்டியாகிப் பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழாத பதம் வரும்வரை சீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு அடித்து, பிறகு முந்திரியை மெதுவாக மடித்துச் சேர்த்து, காகிதக் கூம்பில் நிரப்பிக் குட்டிக் குட்டிக் கோபுரங்களாகப் பிழிய வேண்டும். 110 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு ஓவனை அணைத்து, திறக்காமல் அதிலேயே ஆறவிடுங்கள். ஆறியதும் நேராகக் காற்றுப் புகாத டப்பாவுக்குப் போக வேண்டும்.

மிஞ்சுகிற மஞ்சள் கருவுக்கு நெய் பிஸ்கட். மைதா 200 கிராம், பொடித்த சீனி 100, உறைந்த நெய் 110, ஒரு மஞ்சள் கரு, ஏலம். பிசைந்து உருட்டித் தட்டி, எண்ணெய் தடவிய தட்டில் அதே உப்பு குக்கரில் 15 முதல் 18 நிமிடம். எடுக்கும்போது மெதுக்கென்று இருக்கும், வேகவில்லை என்று மறுபடி வைத்துவிடாதீர்கள், ஆறினால் இறுகும். பயணத்துக்கு இதைவிடத் தோதான பண்டம் கிடையாது.

பஸ் நாட்கள்

2021-லிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இதை வேலைக்குப் போகவும் ஆஸ்பத்திரிக்குப் போகவும் மட்டுமே பயன்படுத்தியவர்கள் நம்மில் நிறையப் பேர். ஊர் பார்க்கவும் பயன்படுத்தலாம், யாரும் ஏன் என்று கேட்கப் போவதில்லை. டவுன் பஸ் போகிற இடங்களை முதலில் முடியுங்கள், டப்பாவில் இருக்கிற பணத்தைத் தூரத்து ஊர்களுக்கு வையுங்கள்.

முதல் பயணத்துக்கு நம் உப்பளத்துக்கே போகச் சொல்வேன், வேலைக்கு அல்ல. மழைத் தண்ணீர் தேங்கிய பாத்திகளுக்கு இந்த மாதங்களில் பூநாரைகள் வரும், உள்ளான் குருவிகள் கூட்டம் கூட்டமாக வந்து சேற்றைக் கிளறும். சீசனில் கண் கூசக் கூசக் குனிந்தே இருக்கிறோம், அந்த இடத்தை நிமிர்ந்து பார்த்திருக்க மாட்டோம். விடிந்ததும் போய், கரையில் சத்தம் போடாமல் நில்லுங்கள். வரப்பு வழுக்கும், பாதம் வெடித்திருப்பவர்கள் செருப்பில்லாமல் இறங்கவே கூடாது. மழைக்காலம்தான் அந்தப் புண் ஆறுகிற காலம்.

ஊருக்குள் பனிமய மாதா கோயிலை எல்லோரும் ஆடித் திருவிழாக் கூட்டத்தில் பார்த்திருப்போம். 1713-ல் கட்டிய கோயில். கார்த்திகையில் ஒரு சாதாரண நாள் மத்தியானம் போய் உட்கார்ந்து பாருங்கள், சுவரையும் பீடத்தையும் அன்றைக்குத்தான் உண்மையில் பார்க்க முடியும். அப்படியே பழைய துறைமுகம் பக்கம் நடந்துவிட்டு வரலாம். வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியது இந்தக் கடலை நம்பித்தான். அவர் பிறந்த வீடு ஒட்டப்பிடாரத்தில் நினைவில்லமாக இருக்கிறது, பக்கத்திலேயே பாஞ்சாலங்குறிச்சி. கட்டபொம்மன் கோட்டையாக நாம் பார்ப்பது 1974-ல் அரசு கட்டியது. பழைய கோட்டையின் அடித்தளம் அதன் பக்கத்தில் தனியாக இருக்கிறது. பிள்ளைகளுக்கு இரண்டையும் காட்டி வித்தியாசத்தைச் சொல்லிக் கொடுங்கள்.

ரயில் பிடித்தவர்களுக்குத் திருச்செந்தூர் - திருநெல்வேலி பாசஞ்சர் பாதையைச் சொல்வேன். காயல்பட்டினம், ஆறுமுகநேரி, நாசரேத், ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவைகுண்டம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனும் ஒரு நாளுக்குத் தாங்கும். அதே பக்கத்துச் சாலையில், அந்தக் காலத்து மனிதர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த ஆதிச்சநல்லூர். தோண்டிய குழிகளை அப்படியே வைத்து மேலே கண்ணாடித் தளம் போட்டிருக்கிறார்கள், நடக்கும்போது காலுக்குக் கீழே தாழிகள் தெரியும். என் அத்தைக்கு எழுத்து தெரியாது, எந்தப் பலகையையும் படிக்கவில்லை, ஆனால் எங்களில் அதிக நேரம் அந்தத் தாழிகளைப் பார்த்துக்கொண்டு நின்றவர் அவர்தான்.

ஆற்றங்கரை ஊர்களுக்கு மழை எச்சரிக்கை நாளில் போகவே போகாதீர்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதும், ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு பயணிகள் மாட்டிக்கொண்டதும் நமக்கு மறக்காது. வானம் தெளிந்து இரண்டு நாள் ஆகட்டும்.

டிசம்பர் 11 பாரதியார் பிறந்தநாள். அவர் பிறந்த எட்டயபுரத்துக்கு அன்றைக்குப் பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக வருவார்கள். அந்த உற்சாகம் வேண்டுமென்றால் அன்று, அமைதியாகப் பார்க்க வேண்டுமென்றால் அதற்கு அடுத்த வாரம். கொஞ்சம் பணம் சேர்ந்திருந்தால் கோவில்பட்டி போய் அங்கிருந்து கழுகுமலை. பாண்டியர் காலத்து வெட்டுவான் கோயில் 8-ஆம் நூற்றாண்டு வேலை. ஒரே பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்து, அடிப்பக்கம் முடியாமல் நின்றுவிட்டது. என்னைக் கேட்டால் நம் மாவட்டத்தில் இதற்கு மேல் ஒன்று கிடையாது. நாள் முழுக்கக் கையால் உழைக்கிற நாம், அந்த உளியின் தடத்தைப் பார்த்தால் செய்தவன் எங்கே உட்கார்ந்திருப்பான், எந்தக் கையை ஊன்றியிருப்பான் என்று யோசிக்காமல் இருக்க முடியாது. மழை பெய்த மறுநாள் பாறை வழுக்கும், வயசானவர்களைக் கூட்டிக்கொண்டு ஏறாதீர்கள்.

போகிற ஊரிலிருந்து அடுக்களைக்கு ஏதாவது ஒன்று வர வேண்டும் என்று நான் வைத்திருக்கிறேன். மணப்பாட்டில் மணல் மேட்டு மேல் இருக்கிற 1581-ஆம் வருசத்துத் திருச்சிலுவைக் கோயிலைப் பார்த்துவிட்டு வரும் வழியில் உடன்குடிக் கருப்பட்டி. பதநீர் ஓடுவது மாசி முதல் ஆனி வரைதான், மழை மாதங்களில் பழைய சரக்குத்தான் கிடைக்கும், விலையும் கூட. பழையதில் குறை ஒன்றுமில்லை, உடைத்துப் பார்த்து வாங்குங்கள். உள்ளே சீனி மாதிரி பளபளவென்று மின்னினால் கலப்படம் என்று சந்தேகப்படலாம். கோவில்பட்டியிலிருந்து கடலைமிட்டாய், அதை நொறுக்கி நெய் பிஸ்கட் மாவில் ஒரு கைப்பிடி சேர்த்துப் பாருங்கள். விளாத்திகுளம் பக்கம் போனால் கம்பு. கருப்பட்டி கேக்கில் கோதுமை மாவு மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துக் கம்பு மாவு போடலாம், அதற்கு மேல் போட்டால் உதிர்ந்துவிடும்.

கிறிஸ்துமஸ் நெருங்கும்போது தெருவில் கேக் கேட்பார்கள். தெரிந்த நாலு வீட்டுக்குச் செய்து கொடுத்துச் சாமான் செலவையும் கூலியையும் வாங்குங்கள், வெட்கப்பட வேண்டாம். காசுக்கு விற்பதென்றால், வீட்டிலிருந்து செய்தாலும், உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும், இ-சேவை மையத்தில் கேட்டால் செய்து கொடுப்பார்கள்.

காணும் பொங்கலுக்கு ஊரே முயல் தீவுக்குக் கிளம்பும். நம் ஓய்வு மாதங்களின் கடைசிப் பயணம் அதுதான், கூட்டமாக இருந்தாலும் போய்விட்டு வாருங்கள். குடிக்கத் தண்ணீரும் நிழலுக்கு ஒரு பழைய சேலையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தின நாளே நெய் பிஸ்கட்டை இரண்டு மடங்காகச் செய்யுங்கள். பாதி தீவுக்கு. மீதியை ஈரமில்லாத டப்பாவில் அடைத்து வைத்தால் இரண்டு வாரம் கெடாது. புது சீசனுக்குப் பாத்தியை மிதித்து இறுக்குகிற வேலை தொடங்கியதும் விடிகாலையில் வெறும் வயிற்றோடு போகாமல், நாலைந்தை மடியில் கட்டிக்கொண்டு போகலாம்.